கறுப்பு எங்கே விழ வேண்டும்? நுவார் குற்றக் காமிக்ஸைத் திரைப்படமாக்க முழுமையான வழிகாட்டி

நுவார் என்பது இருட்டும் நிழலும் நிறைந்த குற்றக்கதைப் பாணி. அந்தப் பாணியில் ஃப்ராங்க் மில்லரின் ‘சின் சிட்டி’ காமிக்ஸ் 1991இல் டார்க் ஹார்ஸ் வெளியீடாகத் தொடங்கியது. சாம்பல் நிறமே இல்லாத படங்கள். மையைக் கொட்டியதுபோல் கறுப்பு, அதைக் கீறியதுபோல் வெள்ளை. 2005இல் ராபர்ட் ராட்ரிகஸ், மில்லரையே இணை இயக்குநராக வைத்துக்கொண்டு அதைப் படமாக்கினார். டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் உள்ள தன் ஸ்டூடியோவில், ஏறக்குறைய எல்லாவற்றையும் கிரீன் மேட் (பின்னணியைப் பிறகு மாற்றுவதற்காகக் கட்டும் பச்சைத் துணி) முன்னால் எடுத்தார். அந்த ஆண்டு கான் விழாவில் தொழில்நுட்பத்துக்கான பரிசு அவருக்குக் கிடைத்தது.

அதைப் பார்த்துவிட்டு அதே மாதிரி செய்ய முயல்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள். சாதாரணமாக எடுத்துவிட்டு, டி.ஐ.யில் (எடுத்த படத்தின் நிறத்தையும் ஒளியையும் கணினியில் சீராக்கும் வேலை) நிறத்தை உருவி, கான்ட்ராஸ்டை ஏற்றினால் காமிக்ஸ் ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. மை போடும் ஓவியர் எதைக் காட்டக் கூடாது என்று முடிவெடுத்துவிட்டுத்தான் தூரிகையைத் தொடுகிறார். அந்த முடிவைப் படப்பிடிப்புக்கு முன்பே நீங்களும் எடுத்தாக வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு வேலையைச் சுற்றித்தான்.

படி 1: உரிமை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி ஒரு படைப்பைத் தழுவும் உரிமை அதன் உரிமையாளருக்கு மட்டுமே உண்டு. கைமாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். சிவகாசியில் அச்சாகித் தமிழில் வரும் பிரெஞ்சு, இத்தாலியக் காமிக்ஸைப் படமாக்க ஆசைப்படுபவர்கள் கவனிக்க: தமிழ்ப் பதிப்பாளரிடம் இருப்பது வழக்கமாகத் தமிழில் அச்சிடும் உரிமைதான். திரைப்பட உரிமையை மூலப் பதிப்பாளரிடமோ படைப்பாளியிடமோ தனியாகக் கேட்க வேண்டும். எழுத்தாளரும் ஓவியரும் வேறு வேறு ஆட்கள் என்றால், ஒப்பந்தத்தில் கதையோடு ஓவியத்தின் தோற்றமும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கதை உரிமையை மட்டும் வாங்கிக்கொண்டு கட்டங்களை அப்படியே ஃப்ரேமாக்கினால் வம்பு.

படைப்பாளியைப் பக்கத்தில் உட்கார வைப்பது மரியாதைக்காக மட்டும் இல்லை. ‘இந்தச் சுவர் ஏன் கறுப்பு’ என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். மில்லருக்கு இயக்குநர் பெயர் கொடுக்க அமெரிக்க இயக்குநர் சங்க விதி இடம் தராதபோது, ராட்ரிகஸ் சங்கத்தையே விட்டு விலகினார்.

படி 2: இந்த முறை உங்கள் கதைக்குத் தேவையா?

சில காமிக்ஸுக்குத் தேவையில்லை. 2002இல் வந்த ‘ரோட் டு பெர்டிஷன்’ படமும் ஒரு குற்றக் காமிக்ஸிலிருந்து வந்ததுதான். ஆனால் அதன் கோடுகளை நகலெடுக்காமல் கான்ராட் ஹாலின் ஒளிப்பதிவை நம்பி எடுத்தார்கள்; மறைவுக்குப் பின் அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது.

புத்தகத்தில் 20 பக்கங்களைக் குத்துமதிப்பாகத் திறந்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். பக்கத்தில் பாதிக்கு மேல் ஒரே கறுப்புத் திட்டாகத் தெரிந்தால் இந்த வழிகாட்டி உங்களுக்குப் பயன்படும். மெல்லிய கோடுகளும் நுணுக்கமான பின்னணியும் தெரிந்தால் உண்மையான இடங்களில் நல்ல ஒளியமைப்போடு எடுங்கள். செலவும் குறையும்.

படி 3: கட்டங்களைப் பிரித்தல்

முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து, ஒவ்வொரு கட்டத்தையும் தனிக் கோப்பாக வெட்டி எண் கொடுங்கள். பக்கம் 14, கட்டம் 3 என்றால் 014-03. படப்பிடிப்பு முதல் டி.ஐ. வரை இதே எண்தான் ஷாட்டின் பெயர். பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் மூன்றில் ஒரு வகையில் போடுங்கள்.

முதல் வகை, பின்னணி முழுக்கக் கறுப்பாக இருப்பவை. இதற்கு கிரீன் மேட் வேண்டவே வேண்டாம். கறுப்பு வெல்வெட் துணியைத் தொங்கவிட்டு எடுங்கள். கீயிங் (பச்சையை நீக்கி உருவத்தைத் தனியே பிரிப்பது) செலவு மிச்சம், முடியின் ஓரமும் சுத்தமாக வரும். கறுப்பு மிகுந்த புத்தகத்தில் இந்த வகை நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கும்.

இரண்டாம் வகை, நிழலுருவம் மட்டும் உள்ளவை: கறுப்பின் மேல் வெள்ளை உருவம், அல்லது வெள்ளையின் மேல் கறுப்பு. கீயிங் செய்யும்போது கிடைக்கும் மேட், அதாவது உருவம் வெள்ளையாகவும் மற்றதெல்லாம் கறுப்பாகவும் தெரியும் அந்த இடைநிலைப் படமே இங்கே இறுதிப் படம். நடிகரின் முகத்தில் விளக்கு எப்படி விழுந்தது என்பது பொருட்டே இல்லை; உடலின் கோணம்தான் எல்லாம். கை உடம்போடு ஒட்டினால் நிழலுருவத்தில் கை காணாமல் போகும். உடம்பிலிருந்து ஒரு சாண் விலக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் வகை, பின்னணி உள்ளவை. கிரீன் மேட்டும் சிஜியும் தேவைப்படுவது இவற்றுக்கு மட்டும்தான்.

அடுத்த சிக்கல் வடிவம். அமெரிக்கக் காமிக்ஸ் பக்கம் நெடுக்கு, திரை கிடக்கை. முழுப் பக்கக் கட்டம் ஒன்றை உயரம் குறையாமல் 1.85:1 (அகலம்:உயரம்) ஃப்ரேமில் வைத்தால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் நிரம்பும். 2.39:1 என்றால் கால் பங்குக்குச் சற்று மேல். மீதியை என்ன செய்வது? பின்னணியை இரு பக்கமும் நீட்டினால் ஓவியரின் நெருக்கம் போய்விடும். தலையையும் காலையும் வெட்டினால் கட்டமே போய்விடும். பெரும்பாலும் சரியான விடை மீதியைக் கறுப்பாக விடுவது: உருவத்தை ஓர் ஓரத்தில் நிறுத்தி, ஒரு கதவின் ஒளி அல்லது தெருவிளக்கின் வட்டம் மட்டும் எதிர்ப்பக்கம் இருக்கட்டும். ‘சின் சிட்டி’ 1.85:1இல் இருப்பது இதற்கு வசதி. நெடுங்கட்டங்கள் நிறைந்த புத்தகத்துக்கு 2.39ஐத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள்.

இந்தியாவில் திரையிடுவதாக இருந்தால் இன்னொன்று. புகைபிடிக்கும் காட்சிகளில் திரையின் கீழே எச்சரிக்கை வாசகம் வந்தே தீரும். நுவாரில் புகை இல்லாத காட்சியைத் தேடத்தான் வேண்டும்! கறுப்பு ஃப்ரேமில் வெள்ளை எழுத்து பளிச்சென்று கண்ணைப் பறிக்கும் என்பதால், அந்த ஷாட்களில் முக்கியமான எதையும் அடிப்பகுதியில் வைக்காதீர்கள். சிகரெட் இல்லாமலே நடக்கும் காட்சியில் அதை எடுத்துவிடுவது இன்னும் நல்லது.

படி 4: நேரம் கொடுத்தல்

கட்டத்தில் படம் இருக்கிறது, நேரம் இல்லை. வாசகர் ஒரு கட்டத்தில் அரை விநாடியும் நிற்கலாம், அரை நிமிடமும் நிற்கலாம். வெட்டிய கட்டங்களை எடிட்டிங் மென்பொருளில் வரிசையாக அடுக்கி, கதைசொல்லியின் குரலைச் செல்பேசியிலாவது பதிந்து கீழே போட்டு, முழுப் படத்தையும் அனிமேட்டிக்காகப் பாருங்கள்.

கணக்குக்கு ஓர் அளவுகோல்: ‘சின் சிட்டி’யில் மார்வ் என்ற பாத்திரம் வரும் கதை புத்தகமாகச் சுமார் 200 பக்கம், படத்தில் சுமார் 40 நிமிடம். பக்கத்துக்கு 12 விநாடி. வசனம் குறைந்த முழுப்பக்கப் படங்கள் அதில் நிறைய என்பதால் அது சாத்தியம். வசனம் அடர்ந்த புத்தகத்துக்குப் பக்கத்துக்கு 30 விநாடியாவது வைத்துக்கொள்ளுங்கள்.

வாய்ஸ் ஓவரில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கதைசொல்லி தமிழில் நிதானமாகப் பேசினால் விநாடிக்கு ஒன்றரை முதல் இரண்டு சொற்கள் வரும். 40 சொற்கள் உள்ள ஒரு பெட்டி வாசகத்தை முழுக்கப் படித்தால் 20 விநாடிக்கு மேல் ஆகும். அதுவரை திரையில் காட்ட உங்களிடம் ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும். படம் காட்டுவதையே சொல்லும் வரிகளை வெட்டுங்கள். ‘மழை பெய்துகொண்டிருந்தது’ போய்விடலாம். ‘மழையில் அவளுடைய சென்ட் வாசம் இன்னும் கூடியது’ இருக்கட்டும், ஏனென்றால் வாசத்தைக் கேமரா பிடிக்காது.

படி 5: நிறப் பட்டியல்

கறுப்பு வெள்ளைக்குள் எந்த நிறம், யாருக்கு, எந்த ஷாட் முதல் எந்த ஷாட் வரை என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு கதைக்கு இரண்டு நிறங்கள் போதும். நிறத்துக்கு ஒரு வேலை இருக்க வேண்டும். ‘சின் சிட்டி’யின் தொடக்கக் காட்சியில் பெண்ணின் உடையும் உதடும் சிவப்பு, லைட்டர் எரியும் நொடியில் மட்டும் அவள் கண் பச்சையாகத் தெரிகிறது. பார்ப்பவரின் கண்ணை எங்கே கொண்டுபோக வேண்டுமோ அங்கே மட்டும் நிறம்.

பிறகு அந்த நிறத்தைப் படமாக்கும் வழி. இங்கே ஒரு பொறி உண்டு. சிவப்பு உதட்டை மட்டும் பிரித்தெடுக்கலாம் என்று டி.ஐ.யில் உட்கார்ந்தால், கன்னமும் காதும் விரல்நுனியும் சேர்ந்து வரும். மனிதத் தோலில் சிவப்பும் ஆரஞ்சும்தானே இருக்கின்றன. மஞ்சள் இன்னும் மோசம்: கிரீன் மேட்டின் பச்சைக்குப் பக்கத்து வீட்டுக்காரன், கீயிங்கில் முகத்திலேயே ஓட்டை விழும். அதனால்தான் அந்தப் படத்தில் முழு மஞ்சளாக வரும் வில்லனுக்கு நீல ஒப்பனை போட்டு எடுத்துவிட்டுப் பிறகு மஞ்சளாக மாற்றினார்கள். நீலம் பச்சையிலிருந்தும் விலகி நிற்கிறது, தோலிலிருந்தும் விலகி நிற்கிறது. திரையில் என்ன நிறம் வேண்டும் என்பது வேறு, எந்த நிறத்தில் எடுப்பது வசதி என்பது வேறு.

‘சின் சிட்டி’யில் வெள்ளையாக வரும் ரத்தமும் இதே தந்திரம்தான். ஒளிரும் சாயம் கலந்த திரவத்தை யு.வி. (புற ஊதா) விளக்கில் எடுத்தால் அது மட்டும் தனியாக எரிவதுபோல் தெரியும். பின்னர் வெள்ளையாக்குவது எளிது. முன்கூட்டியே ஒரு சோதனை செய்யுங்கள், ஏனென்றால் சலவைத்தூளில் உள்ள வெளுப்பூட்டிகளும் யு.வி.யில் ஒளிரும். நாயகனின் சட்டை ரத்தத்தைவிடப் பளபளத்தால் அந்த நாள் வீண். சட்டையை மாற்றுங்கள், அல்லது வெளுப்பூட்டி இல்லாத சோப்பில் துவைத்த துணியைக் கொண்டுவாருங்கள். பல்லும் கொஞ்சம் ஒளிரும். வாயை மூடச் சொல்லலாம். யு.வி. விளக்கை நடிகரின் கண்ணுக்கு நேராக வைக்காதீர்கள், தேவையான டேக்குக்கு மட்டும் எரியவிடுங்கள்.

படி 6: ஒரே ஒரு காட்சியை முழுதாக முடித்துப் பாருங்கள்

ஹாலிவுட்டிடம் தன் காமிக்ஸைக் கொடுக்கத் தயங்கிய மில்லரை ராட்ரிகஸ் சம்மதிக்க வைத்தது ஒரு சோதனைக் காட்சியால்தான். 2004இல் ஜோஷ் ஹார்ட்னெட், மார்லி ஷெல்டன் இருவரை வைத்து ஒரு சிறுகதையை எடுத்துக் காட்டினார். அதுவே படத்தின் தொடக்கக் காட்சியாகவும் ஆனது.

உங்கள் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். ஆனால் இறுதி ஒலி வரை முடிக்க வேண்டும், பாதியில் நிறுத்தினால் எதுவும் தெரியாது. அதற்குள் மழை, புகை, பளபளப்பான தோல் கோட்டு, பறக்கும் கூந்தல், ஒரு நிறப் பொருள் ஆகிய ஐந்தும் இருக்கட்டும். பின்னால் கழுத்தைப் பிடிக்கப்போவது இந்த ஐந்தும்தான். ஒரு ஷாட்டை முடிக்க எத்தனை ஆள்நாள் ஆகிறது என்று குறித்துவைத்தால், முழுப் படத்தின் சிஜி செலவும் அதிலிருந்தே வந்துவிடும்.

படி 7: கேமராவும் விளக்கும்

எல்லாவற்றையும் நிறத்தில் எடுங்கள். கறுப்பு வெள்ளை கேமரா கண்ணில் பட்டாலும் தொடாதீர்கள், அதில் கீயிங் நடக்காது. நிறத் தகவல் எவ்வளவு முழுமையோ அவ்வளவு சுத்தமாக ஓரங்கள் வரும். ‘சின் சிட்டி’க்குப் பயன்பட்ட சோனி எச்.டி.சி.-எஃப்950 வெறும் எச்.டி. கேமராதான், ஆனால் 4:4:4 (ஒவ்வொரு புள்ளிக்கும் முழு) நிறத் தகவலைக் கொடுத்தது; பின்னெண்கள் குறையக் குறைய நிறத் தகவலும் குறையும். உங்களிடம் ரா (கேமரா பதப்படுத்தாத மூலத் தரவு) வடிவமோ 10 பிட் 4:2:2வோ இருந்தால் சமாளிக்கலாம். 8 பிட் 4:2:0வில் எடுத்தால் தலைமுடியின் ஓரம் படிக்கட்டு மாதிரி வரும். கேமராவுக்குள் ஷார்ப்னெஸ், நாய்ஸ் ரிடக்ஷன் இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

நடிகருக்கும் மேட்டுக்கும் இடையே குறைந்தது 3 மீட்டர், முடிந்தால் 4. மேட்டுக்குத் தனி விளக்குகள், மென்மையாக. லைட் மீட்டரை வைத்து நான்கு மூலையிலும் நடுவிலும் அளந்தால் வித்தியாசம் அரை ஸ்டாப்பைத் தாண்டக் கூடாது (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). மேட்டின் வெளிச்சம் முகத்தின் முதன்மை ஒளியைவிட ஒரு ஸ்டாப் குறைவாக இருக்கலாம். அதற்கு மேல் ஏற்றினால் பச்சை எதிரொளித்து நடிகரின் நிழல் பக்கத்தில் அப்பும்.

நுவாருக்கே உரிய தலைவலி இது. சாதாரணப் படத்தில் நிழல் பக்கத்திலும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும், பச்சை கசிந்தாலும் அமுங்கிப்போகும். இங்கே பாதி முகம் இருட்டு. அந்த இருட்டுக்குள் விழும் ஒரே ஒளி மேட்டிலிருந்து வரும் பச்சைதான். கீயிங் மென்பொருள் அதையும் பச்சை மேட் என்று நினைத்துக் கன்னத்தைக் கடித்துவிடும். ஃப்ரேமுக்குள் தெரியாத பச்சை முழுவதையும் கறுப்புத் துணியால் மூடுங்கள்: தரை, பக்கச் சுவர், கூரை. நடிகருக்கு இரண்டு பக்கமும் கறுப்புப் பலகை நிறுத்துங்கள். காலும் தரையும் தெரியாத ஷாட்டில் பச்சைத் தரை எதற்கு?

முகத்துக்கு ஒரே ஒரு கடுமையான விளக்கு. நிரப்பொளி (நிழலைக் குறைக்கும் துணை விளக்கு) இருந்தால் மூன்று ஸ்டாப் கீழே, அதாவது 8:1. பின்னாலிருந்து ஒரு பக்கமோ இரு பக்கமோ ஓர விளக்கு. மையோவியத்தில் தோளைச் சுற்றி வரும் வெள்ளைக் கோடு அதுதான், கீயிங்குக்கும் ஓரத்தைப் பிரித்துக் கொடுக்கும். ஜன்னல் பட்டை நிழல் வேண்டுமென்றால் எல்.இ.டி. பேனலை எடுத்துவராதீர்கள். அகலமான மூலத்திலிருந்து கூர்மையான நிழல் வராது. ஒற்றைச் சில்லு எல்.இ.டி.யை சாஃப்ட்பாக்ஸ் இல்லாமல் தூரத்தில் வைத்து, பட்டைச் சட்டத்தை நடிகருக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுவர முடியுமோ அவ்வளவு கொண்டுவாருங்கள்.

இருட்டுக் காட்சி என்பதற்காக இருட்டாக எடுக்க வேண்டாம். எக்ஸ்போஷர் குறைந்தால் நாய்ஸ் கூடும், நாய்ஸ் கூடினால் ஓரம் கொதிக்கும். விளக்கின் விகிதத்தைச் சரியாக வைத்துக்கொண்டு தாராளமாக எக்ஸ்போஸ் செய்யுங்கள். இருட்டைப் பின்னால் இறக்கிக்கொள்ளலாம். மானிட்டரில் மட்டும் கறுப்பு வெள்ளை லட் (பதிவைத் தொடாமல் நிறத்தை மாற்றிக் காட்டும் அமைப்பு) ஒன்றைப் போடுங்கள். நிறத்தில் அழகாகத் தெரியும் ஃப்ரேம் பல, நிறம் போனதும் ஒரே சாம்பலாகிவிடும். அது செட்டிலேயே தெரிய வேண்டும்.

தோல் கோட்டு கண்ணாடி மாதிரி பச்சையை எதிரொளிக்கும். பளபளப்பைக் குறைக்கும் ஸ்ப்ரே அடிக்கலாம், அல்லது அந்த ஷாட்டையே கறுப்புத் துணி முன் எடுக்கலாம். புகையையும் மழையையும் நடிகரோடு சேர்த்து மேட் முன் எடுக்காதீர்கள். இரண்டையும் தனியே கறுப்பின் முன், பின்னொளியில் எடுத்து, ஸ்கிரீன் முறையில் (கறுப்பு மறைந்து வெளிச்சம் மட்டும் தெரியும் கலப்பு) மேலே போடுங்கள். நடிகரை நனைப்பதற்கு ஒரு வாளித் தண்ணீரும் ஸ்ப்ரே பாட்டிலும் போதும்.

படி 8: செட் எவ்வளவு?

நடிகரின் உடல் தொடும் எல்லாமே நிஜமாக இருக்கட்டும்: நாற்காலி, ஸ்டீயரிங், கட்டில், கதவுப்பிடி, படிக்கட்டு. தொடாதது எல்லாம் சிஜியாக வரலாம். ‘சின் சிட்டி’க்குக் கட்டிய முழு செட்கள் மூன்றுதான்: ஒரு மதுக்கடை, ஒரு வீடு, மருத்துவமனைத் தாழ்வாரம் ஒன்று.

ஒரே சண்டையில் வரும் மிக்கி ரூர்க்கும் எலைஜா வுட்டும் படப்பிடிப்பில் சந்திக்கவே இல்லை. கால்ஷீட் ஒத்துவராதபோது இது வரப்பிரசாதம். பதிவேடு இல்லாவிட்டால் சாபம். ஒவ்வொரு ஷாட்டுக்கும் கேமரா உயரம், சாய்வு, லென்ஸ், நடிகருக்கான தூரம், முதன்மை விளக்கின் திசையும் உயரமும், பார்வைக் குறியின் உயரம் ஆகியவற்றைக் குறியுங்கள். எதிராளி ஆறடி இரண்டு அங்குலம் என்றால் அந்த உயரத்தில் ஸ்டாண்டில் டேப் ஒட்டி, நடிகரை அதைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்வை ஓர் அங்குலம் தப்பினாலும் இருவரும் வேறு வேறு அறையில் இருப்பதாகப் பார்வையாளர் உணர்ந்துவிடுவார். ஏன் என்று அவரால் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

படி 9: காம்ப்பின் வரிசை

காம்ப் என்றால் தனித்தனியாக எடுத்தவற்றை ஒரே ஃப்ரேமில் சேர்ப்பது. இந்த வரிசையை மாற்றாதீர்கள்: கீ, பச்சைக் கசிவு நீக்கம், பின்னணி, மழையும் புகையும், நிறப் பொருளுக்கான தனி மேட், கறுப்பு வெள்ளை மாற்றம், கான்ட்ராஸ்ட், கிரெய்ன் (ஃபிலிம் போன்ற பொடிப்புள்ளி). கான்ட்ராஸ்டை முன்னாலேயே ஏற்றிவிட்டால் நடிகரின் கறுப்பும் பின்னணியின் கறுப்பும் தனித்தனியாக வெந்துவிடும், பிறகு ஒன்றோடொன்று சேராது. சாம்பல் எல்லாம் உயிரோடு இருக்கும்போது சேர்த்துவிட்டு, கடைசியில் ஒரே கான்ட்ராஸ்ட் வளைவால் இரண்டையும் சேர்த்து இறக்க வேண்டும்.

நிறத்தை நீக்க சேச்சுரேஷனைப் பூஜ்யமாக்குவது சோம்பேறி வழி. சேனல் மிக்சரில் (சிவப்பு, பச்சை, நீலப் பங்குகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவி) சிவப்பைக் கூட்டினால் தோல் வெளுக்கும், நீலத் துணி கறுக்கும்; முகத்தின் சுருக்கமும் தழும்பும் தெரிய வேண்டுமென்றால் நீலத்தைக் கூட்டுங்கள். கசிவை நீக்காமல் இதைத் தொட்டால் ஓரங்களில் சாம்பல் வளையம் வரும்.

கான்ட்ராஸ்டில் அளவு முக்கியம். முகத்தில் மூன்று படிகளாவது மிஞ்சட்டும்: கறுப்பு, ஒரு சாம்பல், வெள்ளை. அசையாத கட்டத்தில் இரண்டே படிகள் அழகு. அசையும் முகத்தில் இரண்டே படிகள் என்றால் நிழல் ஓரம் ஒவ்வொரு ஃப்ரேமிலும் துள்ளும், கண்ணுக்கு வலி. இரண்டு படிகளை நிழலுருவ ஷாட்களுக்கும் இரண்டு விநாடிக்கும் குறைந்த ஷாட்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 10: ஒலி

படம் எவ்வளவு வரைந்ததுபோல் இருக்கிறதோ, ஒலி அவ்வளவு நிஜமாக இருக்க வேண்டும். பச்சைத் துணி முன் நின்றவருக்கு எடை கொடுப்பது ஷூவின் அடியில் நொறுங்கும் சரளையும் கோட்டின் உரசலும்தான். ஃபோலிக்கு (படத்தைப் பார்த்தபடி இத்தகைய ஒலிகளைத் தனியே பதிவது) நாள் ஒதுக்குங்கள். அனிமேட்டிக்குக்குப் பதிந்த தற்காலிகக் குரலை எடிட் முடிந்ததும் தூக்கிவிட்டு, நடிகர் படத்தைப் பார்த்தபடி மைக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் தாழ்ந்த குரலில் பேசட்டும்.

படி 11: வெளியே அனுப்புமுன்

திரையரங்கில் வெளியேறும் வழி விளக்கு எரியும். அதனால் உங்கள் கறுப்பு அங்கே கறுப்பாக இருக்காது. டி.ஐ. அறையில் மங்கலாகத் தெரிந்த விவரம் அரங்கில் தெரியாது. டி.சி.பி.யை (அரங்கில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி) ஒரு சாதாரண அரங்கில், காலைக் காட்சிக்கு முன் போட்டுப் பார்த்துவிட்டு முக்கியமான சாம்பல்களை ஏற்றுங்கள்.

இணையத்துக்குப் போகும் பதிப்பில் எதிரி வேறு. மூடுபனி போன்ற மெல்லிய சாய்வுகள் சுருக்கத்தில் பட்டை பட்டையாக உடையும், இருட்டில் சிறு சிறு சதுரங்கள் தெரியும். 10 பிட்டில் ஏற்றுமதி செய்து, சாய்வுகளின் மேல் மெல்லிய கிரெய்னைப் போட்டு, பதிவேற்றும் தளம் கேட்கும் உச்சபட்ச பிட்ரேட்டில் கொடுங்கள். முழுக் கறுப்பாக இருக்க வேண்டிய இடங்களில் மட்டும் கிரெய்ன் வேண்டாம். அங்கே மதிப்பு பூஜ்யமாகவே இருக்கட்டும். பிறகு அதை ஒரு மலிவான செல்பேசியில், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முகம் தெரியாத ஷாட்களின் எண்களைக் குறித்துக்கொண்டு, 014-03 என்று தேடி, காம்ப்புக்கே திரும்பிப் போய் ஓர ஒளியைக் கொஞ்சம் கூட்டுங்கள்.